டாசிட்டஸ்: சாட்சியமும் தீர்ப்பும்



ரோமாபுரி பற்றி எரிந்தபோது நீரோ மன்னன் பிடில் வாசித்துக்கொண்டிருந்தான் என்னும் வாசகத்தை நாம் அனைவரும் பலமுறை கேட்டிருக்கிறோம். கடமையை மறந்தவர் எவரையேனும் கண்டிக்க வேண்டுமாயின், மேடைப் பேச்சிலும் செய்தித்தாள் தலையங்கத்திலும் நீரோவும் அவனுடைய பிடிலும் தவறாமல் வந்து நிற்பது வழக்கம். ஆனால் இன்று நாம் காணும் பிடில் ஐரோப்பாவில் உருப்பெற்றது பதினாறாம் நூற்றாண்டிலேதான். ரோம் எரிந்ததோ கி.பி. 64ஆம் ஆண்டில். நீரோவுக்கு இசைப்பித்து இருந்தது உண்மை. அவன் மீட்டியது கித்தாரா என்னும் யாழ் போன்ற நரம்புக் கருவி. பிடில் பிற்காலத்தார் அவன் கையில் கொடுத்தது.

பிடிலை அவன் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டுப் பார்த்தால், அந்தத் தீயைப் பற்றி நமக்கு உண்மையில் என்ன தெரியும்? யார் சொல்லித் தெரியும்? பழைய ஆசிரியர் மூவரே இங்கு முதன்மையானவர்கள். பேரரசர்களின் வாழ்க்கைகளை எழுதிய சூட்டோனியஸ், நீரோவே ஊருக்குத் தீ வைத்தான் என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதுகிறார். நாடக உடை தரித்து, கோபுரம் ஒன்றின்மேல் நின்று, டிராய் நகரத்தின் அழிவை அவன் பாடினான் என்றும் சொல்கிறார். தீ நிகழ்ந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின் எழுதிய காசியஸ் டயோவும் பழியை நீரோவின் மேலேயே சுமத்துகிறார். மூன்றாமவர் டாசிட்டஸ். நீரோவின்மீது அவருக்கும் இரக்கம் கிடையாது. ஆயினும் அவர் எழுதியது வேறு.

தீ தற்செயலாக மூண்டதா, பேரரசனின் சூழ்ச்சியால் மூண்டதா என்பது உறுதியில்லை என்றும், இரண்டையும் சொல்லும் ஆசிரியர்கள் உளர் என்றும் டாசிட்டஸ் தொடங்குகிறார். தீ மூண்டபோது நீரோ ரோமில் இல்லை, ஆன்டியம் என்னும் கடற்கரை ஊரில் இருந்தான் என்கிறார். வீடிழந்த மக்களுக்காக அவன் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டதையும், தானியத்தின் விலையைக் குறைத்ததையும் குறிக்கிறார். நகரத்தின் பதினான்கு பகுதிகளில் நான்கு மட்டுமே தீண்டப்படாமல் எஞ்சின, மூன்று தரைமட்டமாயின, ஏழில் சிதைந்த சில வீடுகளே நின்றன என்று கணக்கும் தருகிறார். டிராய் நகரத்தின் அழிவைப் பாடிய கதை அவரிடமும் உண்டு. ஆனால் அதை வதந்தி என்று பெயரிட்டே அவர் எழுதுகிறார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாக அவர் சொல்லவில்லை என்பது ஒன்று. வதந்தி என்று தெரிந்தும் அதை எழுதாமல் விடவில்லை என்பது மற்றொன்று. நூலை மூடிய பிறகு வாசகன் நெஞ்சில் எது நிற்கிறது? திறந்துவிட்ட தோட்டங்களா, எரியும் ஊரின் எதிரே பாடும் மன்னனா? பாடும் மன்னனே நிற்கிறான். டாசிட்டஸை எவ்வளவு நம்பலாம் என்னும் கேள்வி முழுவதும் இந்த ஓர் இடத்தில் அடங்கியிருக்கிறது எனலாம்.

அவர் யார் என்பதைச் சிறிது பார்ப்போம். ஏறத்தாழ கி.பி. 56ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். அவர் குடும்பம் ரோம் நகரத்தின் பழங்குடி அன்று. இத்தாலியின் வடபகுதியிலிருந்தோ, தென் கால் நாட்டிலிருந்தோ வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. கால் என்பது இன்றைய பிரான்சு. அகிரிகோலா என்னும் படைத்தலைவரின் மகளை மணந்தார். படிப்படியாக உயர்ந்து கி.பி. 97இல் கான்சல் என்னும் உயர் பதவியை அடைந்தார். கி.பி. 100இல் ஆப்பிரிக்க மாகாணத்து மக்களின் சார்பில், அவர்களைக் கொள்ளையிட்ட முன்னாள் ஆளுநருக்கு எதிராக, தம் நண்பர் பிளினியுடன் சேர்ந்து செனட் சபையில் வழக்காடினார். பிற்காலத்தில் ஆசிய மாகாணத்தின் ஆளுநராகவும் இருந்தார். ஆகவே அரசாங்கம் எப்படி நடக்கிறது என்பதை அதன் உள்ளே இருந்து அறிந்தவர் அவர்.

அவருடைய பெருநூல்கள் இரண்டு. கி.பி. 69 முதல் 96 வரையிலான காலத்தைக் கூறுவது 'வரலாறுகள்'. அதற்கு முற்பட்ட கி.பி. 14 முதல் 68 வரையிலான காலத்தைக் கூறுவது 'ஆண்டுக் குறிப்புகள்'. இரண்டும் முழுமையாகக் கிட்டவில்லை. 'ஆண்டுக் குறிப்புக'ளின் முதல் ஆறு பகுதிகள் ஒன்பதாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படி ஒன்றே ஒன்றைக் கொண்டு இன்று வரை பிழைத்திருக்கின்றன. செல்லரித்த ஏடுகளைத் தேடி நம் முன்னோரின் நூல்களை மீட்ட பெரியோர்களின் உழைப்பை அறிந்த தமிழர்களுக்கு, ஒரே ஒரு படியைப் பற்றிக்கொண்டு ஒரு நூல் பிழைப்பது எத்தகைய செய்தி என்பதை விளக்க வேண்டியதில்லை.

டாசிட்டஸ் செய்தி திரட்டிய முறை பாராட்டத்தக்கது. செனட் சபையின் நடவடிக்கைக் குறிப்புகள் அவர் கைக்கு எட்டின. நாள்தோறும் வெளியான அரசாங்க அறிவிப்புகளையும் அவர் பார்த்திருக்கிறார். நீரோவின் தாய் அகிரிப்பினா எழுதிய குடும்பக் குறிப்புகளிலிருந்து, பிற ஆசிரியர்கள் கூறாத ஒரு செய்தியை எடுத்ததாக அவரே குறிப்பிடுகிறார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பிளினியின் மாமன் உயிர் துறந்தார். அவர் எவ்வாறு இறந்தார் என்று டாசிட்டஸ் கேட்டு எழுத, பிளினி விடையாக எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. கண்டவரைக் கேட்டு எழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

சினமும் சார்பும் இன்றி எழுதப்போவதாக அவர் 'ஆண்டுக் குறிப்புக'ளின் தொடக்கத்திலேயே உறுதி கூறுகிறார். அந்த உறுதியை அவர் காத்தாரா என்பதே வழக்கு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

கி.பி. 19ஆம் ஆண்டில் ஜெர்மானிக்கஸ் என்னும் இளவரசன் சிரியா நாட்டு அந்தியோக்கியாவில் இறந்தான். அவன் பேரரசர் டைபீரியஸின் தம்பி மகன். அவரால் மகனாகத் தத்தெடுக்கப்பட்டவன். மக்களின் கண்ணுக்குக் கண்ணானவன். அவனுடைய சாம்பல் ரோமுக்கு வந்தபோது ஊரே திரண்டு அழுதது. அப்போது அவன் தாய் அன்டோனியா சடங்குகளில் குறிப்பிடத்தக்க பங்கு கொண்டதாகப் பிற ஆசிரியர்களின் நூல்களிலோ அரசாங்க அறிவிப்புகளிலோ தாம் காணவில்லை என்று டாசிட்டஸ் எழுதுகிறார். இது சான்று. நோயாலோ, தாங்கொணாத் துயராலோ அவள் வராதிருந்திருக்கலாம் என்று அடுத்துச் சொல்கிறார். இது நியாயம். அதன்பின், வெளியே வராமல் வீட்டினுள் இருந்த டைபீரியஸும் அவர் தாய் லிவியாவும், எல்லாருக்கும் ஒரே துயரம் என்று காட்டுவதற்காக அவளையும் உள்ளே நிறுத்தி வைத்தனர் என்று நம்புவதே தமக்கு எளிதாக இருக்கிறது என்று முடிக்கிறார். இது டாசிட்டஸ்!

இரண்டு காரணங்களைச் சொல்லி, இருண்ட காரணத்தை இறுதியில் நிறுத்துவது அவருடைய கைவழக்கம். கடைசியாகக் கேட்டதே காதில் நிற்கும் என்பதை வழக்காடிப் பழகிய அவர் நன்கு அறிவார். ஆயினும் நியாயத்தைச் சொல்ல வேண்டும்: அது தம் நம்பிக்கை என்பதை அவர் மறைக்கவில்லை. சான்று இன்னது, ஊகம் இன்னது என்று கோடு கிழித்தே காட்டுகிறார். கோட்டைக் கவனியாமல் தாண்டிச் செல்வது வாசகனின் பிழை.

டைபீரியஸிடம் அவருக்கு ஏன் இத்தனை கசப்பு? டைபீரியஸ் கி.பி. 37இலேயே இறந்துவிட்டார், டாசிட்டஸ் அப்போது பிறக்கவும் இல்லை. விடையை நாம் வேறொரு பேரரசரின் காலத்தில் தேட வேண்டும். கி.பி. 81 முதல் 96 வரை ஆண்டவர் டொமிஷியன். அவருடைய ஆட்சியின் இறுதி ஆண்டுகளில், மாற்றுக் கருத்துடைய பெரியோர்களைப் புகழ்ந்து எழுதியவர்கள் கொல்லப்பட்டனர். அவர்களுடைய நூல்கள் பொது இடத்தில் எரிக்கப்பட்டன. செனட் சபையினர் வாய் திறக்கவில்லை. தம்மைப் போன்ற ஓர் உறுப்பினரைச் சிறைக்கு அனுப்பியதில் அச்சபையினரின் கைகளுக்கே பங்குண்டு என்று டாசிட்டஸ் பின்னர் எழுதினார். 'அவர்கள்' என்று அவர் எழுதவில்லை. 'நாங்கள்' என்னும் பொருள்படவே எழுதினார். தம் பதவி உயர்வு டொமிஷியன் காலத்திலும் தடைப்படவில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

அரசுப் பணியில் இருப்போர் இந்த இடத்தைச் சற்று மெதுவாகப் படிக்க வேண்டும். கொடுங்கோலனை எதிர்த்து உயிர் விட்ட வீரர் அல்லர் டாசிட்டஸ். தலை குனிந்து, கோப்பு நகர்த்தி, பதவி பெற்று, காலம் மாறியபின் பேனா எடுத்தவர். அந்த நாணம் அவர் எழுத்தில் கடைசி வரை ஆறாமல் கனன்றுகொண்டிருந்தது. டைபீரியஸ் காலத்து ராஜத்துரோக வழக்குகளை எழுதும்போதெல்லாம் அவர் கண்முன் நின்றவர் டொமிஷியன் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அக்கருத்தை ஏற்றுக்கொண்டால் அவர் நூலின் பாதி இருள் விளங்கிவிடும்.

இருப்பினும் அவர் உண்மைகளை விழுங்கவில்லை. கி.பி. 17ஆம் ஆண்டில் ஆசிய மாகாணத்தின் பன்னிரண்டு நகரங்கள் நிலநடுக்கத்தால் அழிந்தபோது, டைபீரியஸ் சார்டிஸ் நகரத்துக்கு ஒரு கோடி செஸ்டர்ஸ் நாணயமும் ஐந்தாண்டு வரி நீக்கமும் அளித்ததை எழுதியிருப்பவர் டாசிட்டஸே. முதல் ஒன்பது ஆண்டுகளில் டைபீரியஸின் நிர்வாகம் நன்றாகவே நடந்தது என்று மதிப்பிட்டவரும் அவரே. சில வழக்குகளில் குற்றச்சாட்டு தள்ளுபடியானதையும், பேரரசரே சிலவற்றைத் தடுத்ததையும் அவர் மறைக்காமல் குறித்திருக்கிறார். டைபீரியஸ் அவ்வளவு கொடியவர் அல்லர் என்று வாதிடும் இக்காலத்து வரலாற்றாசிரியர்கள், அந்த வாதத்துக்கு வேண்டிய சான்றுகளில் பெரும்பகுதியை டாசிட்டஸின் பக்கங்களிலிருந்தே எடுக்கிறார்கள். தம் தீர்ப்பின்மேல் முறையீடு செய்வதற்கு வேண்டிய ஆவணங்களையும் நீதிபதியே கட்டிக் கொடுத்துவிட்டுப் போனது போன்றது இது.

இதுவரை அவரை அவருடைய நூலைக் கொண்டே சோதித்தோம். வெளியிலிருந்து சோதிக்க வழியுண்டா? உண்டு. மண்ணுக்குள் இருந்து வெளிப்பட்ட வெண்கலப் பட்டயங்கள் இரண்டு அதற்கு உதவுகின்றன.

முதலாவது பட்டயம் ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் கிடைத்தது. 1996ஆம் ஆண்டில் பதிப்பிக்கப்பட்டது. ஜெர்மானிக்கஸ் இறந்தபோது, சிரியாவின் ஆளுநராயிருந்த பீசோ அவனுக்கு நஞ்சிட்டதாகப் பேச்சு எழுந்தது. பீசோவைச் செனட் சபை விசாரித்தது. தீர்ப்புக்கு முன்பே அவன் உயிரை மாய்த்துக்கொண்டான். டாசிட்டஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நஞ்சிட்ட குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் அவர் சொல்கிறார். அந்த வழக்கில் செனட் சபை செய்த தீர்மானமே கிடைத்திருக்கும் பட்டயம். அதில் கி.பி. 20ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் என்று தேதி பொறிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மாகாணத்திலும் மக்கள் மிகுந்த நகரத்திலும், ஒவ்வொரு படையின் குளிர்காலப் பாசறையிலும் இதன் படியை நிறுத்த வேண்டும் என்று அத்தீர்மானமே கட்டளையிடுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாய் பேசாதிருந்த சாட்சி ஒன்று திடீரென்று கூண்டில் ஏறியதும், டாசிட்டஸின் வாக்குமூலம் என்னவாயிற்று? பெரும்பாலும் நின்றது. பீசோவின் மூத்த மகன் தன் முதற்பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது போன்ற சிறு விவரங்கள்கூட ஒத்திருக்கின்றன. காலவரிசையில் மட்டும் இடறுகிறது: டாசிட்டஸின் நூலைப் படித்தால் வழக்கு அவ்வாண்டின் முற்பகுதியிலேயே முடிந்ததாகத் தோன்றும். அறிஞர்கள் இதைப் பற்றி இன்றும் வாதிட்டு வருகிறார்கள்.

ஆனால் எல்லாவற்றினும் சுவையானது பிளான்சினாவின் செய்தி. அவள் பீசோவின் மனைவி. அவளும் குற்றம் சாட்டப்பட்டவளே. அவளுக்கு மட்டும் மன்னிப்புக் கிடைத்தது. லிவியாவின் வேண்டுகோளே காரணம் என்பதில் பட்டயமும் டாசிட்டஸும் ஒன்றுபடுகின்றனர். பட்டயம் அதைத் தாயின் விருப்பத்தை மதித்த மகனின் அன்பாகவும், நாட்டுக்கு நன்மை செய்த பேரரசியிடம் சபை காட்டிய நன்றியாகவும் பேசுகிறது. டாசிட்டஸோ, டைபீரியஸ் தாயின் வேண்டுகோளைக் காட்டி நாணத்தோடும் இழிவோடும் பேசினார் என்கிறார். செய்தி ஒன்று, நிறம் இரண்டு.

இவ்விரண்டில் எது உண்மை? வெண்கலத்தில் பொறித்தது ஆகையால் பட்டயமே உண்மை என்று சொல்லிவிடலாமா? சபை என்ன தீர்மானித்தது என்பதற்குப் பட்டயமே தலைசிறந்த சாட்சி. சபையோர் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. பேரரசரின் நீதியையும் பொறுமையையும் அது வரிக்கு வரி புகழ்கிறது. அவ்வாறு புகழ்ந்தே ஆக வேண்டிய காலம் அது. அரசாங்க ஆவணங்களோடு பழகியவர்கள் அத்தகைய புகழ்ச்சியின் எடையை அறிவார்கள். டாசிட்டஸ் வரிகளுக்கு இடையே படித்தார். சில சமயம் அங்கு இல்லாததையும் படித்தார். ஆனால் வரிகளை மட்டும் படித்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது வரலாறு அன்று, வாழ்த்துமடல்.

இரண்டாவது பட்டயம் நம் தொழிலோடு நெருங்கிய தொடர்புடையது. நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி வருகிறோம். பணியில் சேர்ந்த புதிதில் நீண்ட சொற்பொழிவு ஒன்றைத் தமிழாக்கும்படி கொடுத்தார்கள். பேச்சாளர் பொருளை விட்டு விலகி, பழங்கதைகளில் நெடுந்தூரம் உலாவி, சொன்னதையே திரும்பவும் சொல்லியிருந்தார். நாம் இளமை மிடுக்கில் அதைச் சுருக்கி, ஒழுங்குபடுத்தி, அழகான முடிவுரையும் அமைத்துக் கொடுத்தோம். மேலதிகாரி படித்துவிட்டுத் திருப்பியனுப்பினார். "மிக நன்றாக இருக்கிறது. ஆனால் இஃது அவர் பேசியது அன்று" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்த ஓரக் குறிப்பை நாம் மறக்கவில்லை.

டாசிட்டஸும் இதையே செய்தார்! கி.பி. 48ஆம் ஆண்டில், வட கால் நாட்டுத் தலைவர்களைச் செனட் சபையில் சேர்க்கலாமா என்னும் கேள்வி எழுந்தது. சேர்க்க வேண்டும் என்று பேரரசர் கிளாடியஸ் உரையாற்றினார். அவ்வுரையைக் கால் நாட்டார் நன்றியோடு வெண்கலத்தில் பொறித்து வைத்தனர். 1528ஆம் ஆண்டில் லியோன் நகரத்தில் அப்பட்டயம் வெளிப்பட்டது. மேற்பகுதி உடைந்து போயினும் பெரும்பகுதி எஞ்சியிருக்கிறது. டாசிட்டஸும் அதே உரையைத் தம் நூலில் தந்திருக்கிறார். பழங்கால ஆசிரியர் ஒருவர் நூலில் தந்த உரையையும், பேசியவரின் சொற்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு மிக அரிது.

பட்டயத்துக் கிளாடியஸ் கற்றவர்; ஆனால் கட்டுப்பாடற்றவர். ரோமின் பழைய அரசர்களிலிருந்து தொடங்குகிறார். அவர்களுள் ஒருவரான செர்வியஸ் துல்லியஸின் பிறப்பைப் பற்றி எட்ரஸ்கானியர் சொல்வது வேறு, ரோமர் சொல்வது வேறு என்று ஆராய்ச்சியில் இறங்குகிறார். தமக்குப் பிடிக்காத கால் நாட்டார் ஒருவரைப் பெயர் சொல்லவும் மறுத்து ஏசுகிறார். தம் பேச்சு எங்கே செல்கிறது என்பதைச் சபைக்கு விளக்கும் வேளை வந்துவிட்டதென்று தம்மையே விளித்துச் சொல்லிக்கொள்ளும் இடமும் உண்டு. டாசிட்டஸின் கிளாடியஸோ சுருக்கமும் தெளிவும் உடையவர். தோற்றவர்களை அயலார் என்று ஒதுக்கியதால் அன்றோ ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் வீழ்ந்தன என்று கேட்கிறார். இன்று புதுமையாய்த் தோன்றுவதும் நாளை பழமையாகி முன்மாதிரியாய் நிற்கும் என்னும் கருத்தோடு முடிக்கிறார்.

அடிப்படைக் கருத்தில் மாற்றமில்லை. அயலாரைத் தன்னவராக்கியே ரோம் வளர்ந்தது என்பதே இரண்டிலும் உள்ள வாதம். ஆனால் ஓரிடத்தில் டாசிட்டஸின் கை எல்லை மீறுகிறது. கால் நாட்டார் ஜூலியஸ் சீசரை எதிர்த்துப் பத்தாண்டுகள் போரிட்டது உண்மையே, அதற்கு எதிரே நூறாண்டு விசுவாசத்தை வைத்துப் பாருங்கள் என்று பட்டயத்தில் கிளாடியஸ் நேர்மையாகப் பேசுகிறார். டாசிட்டஸின் உரையில், கால் நாட்டாருடன் நடந்த போரைப்போல் விரைவில் முடிந்த போர் வேறில்லை என்று வருகிறது. வாதம் வலுத்தது, உண்மை மெலிந்தது. பேச்சுகளைத் தம் நடையில் ஆக்கித் தருவது அக்காலத்து வரலாற்றாசிரியர்களின் வழக்கம் என்பதை நாம் அறிவோம். அவருடைய வாசகர்களும் அறிவார்கள். ஆயினும் நம் மேலதிகாரி இருந்திருந்தால் அதே ஓரக் குறிப்பை இங்கும் எழுதியிருப்பார்.

வேறொன்றையும் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பின் குரலைப் பட்டயம் நமக்குத் தரவில்லை; டாசிட்டஸ் தருகிறார். நம் ஊரில் ஆள் இல்லையா, வந்தவர்கள் எல்லாம் வந்து பதவிகளை நிரப்பிவிட்டால் நம் ஏழைக் குலமக்களுக்கு என்ன மிஞ்சும் என்று பழங்குடியினர் முணுமுணுத்த வாதம் அவர் நூலில் இருக்கிறது. சொந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலங்களில் வேலை பார்க்கும் நேயர்களுக்கு அந்தக் குரல் முற்றிலும் புதிதாக இராது. டாசிட்டஸும் வந்த குடியினரே என்று அறிஞர்கள் கருதுவதை நினைவில் கொண்டால், அவர் அந்த உரையை ஏன் அத்தனை அக்கறையோடு செதுக்கினார் என்பது விளங்கக்கூடும்.

இத்தனை கூரிய கண்ணுக்கும் குருட்டுப் பக்கம் உண்டு. யூத மக்களைப் பற்றி அவர் எழுதிய பகுதி, செவிவழிக் கதைகளும் வெறுப்பும் கலந்தது. யூதர்கள் ரோமிலேயே வாழ்ந்தனர். ஜோசபஸ் என்னும் யூத அறிஞர் அங்கிருந்தே தம் இனத்தின் வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதினார். எரிமலையைப் பற்றிக் கடிதம் எழுதிக் கேட்ட டாசிட்டஸ், அடுத்த தெருவில் வாழ்ந்த மக்களைப் பற்றி அவர்களைக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை. அண்டை வீட்டாரை அறியாமலேயே அவர்களைப் பற்றிக் கதை பேசும் வழக்கம் எந்த நகரத்திலும் எளிதில் மறைவதில்லை.

அடிமைகளிடத்தும் அப்படியே. கி.பி. 61இல் ரோம் நகரத் தலைவர் ஒருவரை அவருடைய அடிமை கொன்றான். பழைய வழக்கப்படி, அதே கூரையின்கீழ் இருந்த நானூறு அடிமைகளையும் கொல்ல வேண்டும் என்றாயிற்று. மக்கள் கொதித்தெழுந்தனர். கொல்ல வேண்டும் என்று காசியஸ் என்னும் சட்ட அறிஞர் பேசிய உரையை டாசிட்டஸ் நீளமாகத் தருகிறார். எதிர்த்துப் பேச எவரும் தனியே துணியவில்லை என்கிறார். அவர்களுள் மிகப் பலர் குற்றமற்றவர் என்பதில் ஐயமில்லை என்று சபையில் எழுந்த கூக்குரலையும் குறிக்கிறார். முடிவில் படைவீரர் வழி நெடுக நிற்க, நானூற்றுவரும் கொல்லப்பட்டனர். அது தகுமா தகாதா என்று அவர் சொல்லவில்லை. பிற இடங்களில் அத்தனை தாராளமாகத் தீர்ப்பு வழங்குபவர், தீர்ப்பு மிகவும் வேண்டிய இந்த இடத்தில் வாய் மூடிக்கொள்கிறார். கொல்லப்பட்டவருள் ஒருவருடைய பெயரும் நமக்குக் கிட்டவில்லை.

ஆகவே, டாசிட்டஸை நம்பலாமா என்றால், எதற்காக என்று திருப்பிக் கேட்க வேண்டும். என்ன நடந்தது என்பதற்குப் பெரும்பாலும் நம்பலாம்; வெண்கலமே அவருக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறது. ஏன் நடந்தது, எவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்று அவர் சொல்லும்போது நாம் நிமிர்ந்து உட்கார வேண்டும். உயர்குடியினரைப் பற்றி அவர் சொல்வதை உற்றுக் கேட்க வேண்டும். எளியோரையும் அயலாரையும் பற்றிச் சொல்லும்போது வேறு சான்றுகளையும் தேட வேண்டும்.

நேயர்கள் வாழும் நகரங்களின் பொது நூலகங்களில் 'ஆண்டுக் குறிப்புக'ளின் ஆங்கில மொழிபெயர்ப்புக் கிடைக்கக்கூடும். கிடைத்தால் மூன்றாம் பகுதியில் பீசோவின் வழக்கையும், பதினோராம் பகுதியில் கிளாடியஸின் உரையையும் முதலில் படியுங்கள். படிக்கும்போது கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். அவர் கண்டறிந்து சொல்லும் இடத்தில் ஒரு கோடும், நம்பிச் சொல்லும் இடத்தில் வேறொரு கோடும் இடுங்கள். அவற்றைப் பிரித்தறியும் வழியை அவரே விட்டுச் சென்றிருக்கிறார்.

நாம் அன்று திருத்தி அமைத்த அந்தச் சொற்பொழிவை மறுபடியும் முதலிலிருந்து மொழிபெயர்த்தோம். பழங்கதைகள், திரும்பச் சொன்னவை எல்லாம் இருந்தபடியே இருந்தன. படிப்பதற்கு இனிமை குறைவுதான். ஆனால் அதைப் படித்தவர்கள், பேசியவர் யார் என்று கேட்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.